சிவப்பு என்றால் வலது

நான்காவதிலும் அந்த ‘ஆ’ இடது காதில்தான் விழுந்தது. பியூலா இயர்போனைக் கழற்றவில்லை. கழற்றினால் கேட்டது உறுதியாகிவிடும் என்று பயந்தவள்போல இரண்டு காதையும் விரலால் அழுத்திக்கொண்டு சாப்பாட்டு மேசையின் முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றுவது தெரிந்தது, சத்தம் வரவில்லை. கூடத்தில் கணவர் எட்வின் சோபா உறையை இழுத்து இழுத்து நேராக்கிக்கொண்டிருந்தார், வாய் எதையோ பாடிக்கொண்டிருந்தது, அதுவும் வரவில்லை. வந்ததெல்லாம் அந்த ஒரு ‘ஆ’. அரை நொடிகூட இருக்காது. ஆறு வருஷமாக அவளுடைய வலது காதில் குடியிருந்த ‘ஆ’. அதன் பின்னால் கோயில் கூரையில் மோதித் திரும்பும் நடுக்கம், யாரோ ஒரு பெண் திடுக்கிட்டு உள்ளிழுத்த மூச்சு, பிறகு கொயர் பாடகர்கள் மொத்தமும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சரிகிற சத்தம். எல்லாம் பழையபடியே இருந்தன, பக்கம் மட்டும் மாறியிருந்தது. சொந்த வீட்டுக்குள் நுழையும்போது வாசல் இருந்த இடத்தில் சுவரும் சுவர் இருந்த இடத்தில் வாசலும் இருந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து தாண்டியிருந்தது. ஆறு மணிக்கு ஹெப்சி வருகிறாள். எட்வினின் தங்கை. ஆறு வருஷமாக இந்த வீட்டுப் படி மிதிக்காதவள் இன்றைக்கு வருகிறாள், மன்னிப்புக் கேட்க. அந்த ‘ஆ’வுக்காக.

மதியம் இரண்டு மணிக்கு இது வெறும் இயர்போன் வேலையாகத்தான் இருந்தது. கொயரில் ஆளுக்கொரு ரகம் வைத்திருந்தார்கள். ஒருவனுடையதில் ஒரு காது செத்திருந்தது, இன்னொருத்தியுடையதில் பாட்டைவிட இரைச்சல் அதிகம். கொயரை நடத்தும் பியூலா ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனியாகப் பயிற்சிப் பாட்டு பதிந்து அனுப்புவாள். உன் பாகம் வலது காதில் வரும், மற்றவர்கள் இடது காதில் வருவார்கள், வலது காதைப் பிடித்துக்கொண்டு பாடு, இடது காதுக்காரர்கள் இழுத்தால் போய்விடாதே. இதுதான் அவளுடைய முறை. எல்லோருக்கும் ஒரே மாதிரி வாங்கிக் கொடுத்துவிடலாம், விலை குறைவாக, குரல் தெளிவாக இருக்கிறதா என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்று சபையில் சொல்லிவிட்டார்கள். சமாதானபுரத்துக் கடைக்காரர் எடுத்ததுமே ஒரு கறுப்பு டப்பாவை நீட்டினார். “இதை எடுத்துக்கிடுங்கக்கா, பாஸ் சும்மா நெஞ்சுக்குள்ள அடிக்கும்.” “நெஞ்சுக்குள்ள அடிக்க வீட்டுல ஆளு இருக்கு. எனக்கு ஆல்ட்டோ கேக்கணும்.” “காராக்கா?” என்றார் அவர், உண்மையாகவே. நான்கு வாங்கி வந்தாள். கறுப்பில் ரிச்சர்டின் கீழ்க்குரல் நின்றபடி உறுமுகிற லாரியாக இருந்தது, ஆல்ட்டோ பாடும் தாழ்குரல் பெண்கள் நாலு பேரும் போர்வைக்குள்ளிருந்து பாடினார்கள். வெள்ளையில் ‘ஸ’ வரும் இடமெல்லாம் ஊசி. ஸ்தோத்திரம் என்று ஒரு தடவை சொன்னால் காதுக்குள் குக்கர் விசில். நீலத்தில் குரல்கள் பக்கத்தில் வந்தன, நல்ல பொருள்தான், ஆனால் கழுத்தைத் திருப்பினால் ஒயர் சட்டையில் உரசி உள்ளே கறகறவென்று ஆள் நடந்தான். சாம்பல் நிறத்தில் எதுவுமே தூக்கலாக இல்லை. ஒவ்வொரு குரலும் அதனதன் இடத்தில் நின்றது, வரிசை வரிசையாக, யார் யாருக்குப் பக்கத்தில் என்று விரல் வைத்துக் காட்டலாம்போல. இதுதான் என்று அவள் முடிவு கட்டியிருக்க வேண்டும். கட்டி, டப்பாக்களை மூடிவிட்டு, பலாச்சுளை உரிக்கப் போயிருக்க வேண்டும்.

ஆனால் ஒவ்வொன்றிலும் கடைசியாக அமைதியைக் கேட்டுப் பார்ப்பது அவள் வழக்கம். பாட்டில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும், ஒன்றும் இல்லாத இடத்தில்தான் மலிவுச் சாமானின் குணம் தெரியும், உஸ்ஸென்று ஒரு இரைச்சல் ஓடும். அவள் போனில் இருந்ததிலேயே நல்ல அமைதி அந்தப் பெரிய வெள்ளி ஆராதனைப் பதிவில்தான் இருந்தது. ஒரு சின்னத் துண்டு. அமைதி, ‘ஆ’, சரிவு. மனப்பாடமானது. அதனால்தான் அதைப் போட்டாள், வேறு எந்த எண்ணமும் இல்லை. கறுப்பில் ‘ஆ’ இடது காதில் வந்தபோது சிரித்தாள், கழுதை, ஒயரை மாற்றிக் கொடுத்து வைத்திருக்கிறான். வெள்ளையிலும் இடது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்தைப் பார்த்தாள், சரியாகத்தான் மாட்டியிருந்தாள். நீலத்திலும் இடது. அப்போதே எழுந்திருக்கலாம். இப்போது நாலு. நாலு பேர் வரிசையாக வந்து ஒரே சாட்சி சொன்னால் என்ன செய்வது? நாலும் ஒரே கடை, அதனால் என்ன, நாலும் வேறு வேறு டப்பா, வேறு வேறு ஊர். மேசையின் ஓரத்தில் ஐந்தாவது கிடந்தது. அவளுடைய பழையது. உருண்டையாக இரண்டு கறுப்பு மொக்குகள், எந்தக் காதிலும் எதுவும் பொருந்தும். ஒன்றில் மட்டும் சிவப்பு நகச்சாயத்தில் ஒரு பொட்டு. வாங்கிய அன்றைக்கே அவள் வைத்த பொட்டு. சிவப்பு என்றால் வலது, எட்வின் தன் ஒலிப்பெட்டி ஒயர்களில் சொல்லிக் கொடுத்தது. எழுத்துகள் கறுப்பின்மேல் கறுப்பாக அவ்வளவு சின்னதாக இருந்தன, அவளுக்கு அப்போது நாற்பத்து நாலு வயசு, கண்ணாடி வேண்டாம் என்று மகள் ஷெரினிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரம். ரிச்சர்டு போன வாரம்கூட அனுப்பியிருந்தான், அக்கா, என் பாகம் வலது காதுல வரும்னீங்க, எனக்கு இடதுல வருது. மாத்தி மாட்டிருக்கலே, எருமை, என்று பதில் போட்டாள். அதற்கு முந்தின வாரம் ஆல்ட்டோவில் ஒரு பெண் கேட்டாள். அவளையும் வைதாள். எத்தனை பேரை வைதிருக்கிறாள். யாரும் இரண்டாவது தடவை கேட்கவில்லை. பியூலா அக்காவின் காது அப்படி, ஊரே சொல்லும்.

பெரிய வெள்ளி. மும்மணி ஆராதனை. அப்போது கொயரை நடத்திய ஞானதிரவியம் மாஸ்டர் தானே எழுதி, மூன்று லெந்து தவக்காலம் திருத்தித் திருத்தி வைத்திருந்த பாட்டு. சிலுவையின் ஏழாம் வார்த்தை முடிந்ததும் ஆர்கன் இறங்கி இறங்கி நிற்கும். நின்ற பிறகு ஒரு முழுத் தாளம் யாரும் எதுவும் செய்யக் கூடாது. ‘அந்த இடத்துல சாவு நடக்கு, மூச்சுகூடக் கேக்கக் கூடாது எனக்கு’ என்பார். கோயில் வேலை பார்க்கும் கோயில்குட்டியிடம் சொல்லி மின்விசிறிகளைக்கூட நிறுத்த வைத்திருந்தார். அந்த வெயிலில், வெள்ளைச் சேலைகளும் கறுப்புச் சேலைகளுமாகச் சனம் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, விசிறியில்லாத அந்த அமைதி. அதன் பிறகு எல்லோரும் ஒன்றாக ‘ஆ’. மேல்குரல் பாடும் சொப்ரானோ வரிசையின் இரண்டு முனையிலும் இரண்டு பேரை நிறுத்தியிருந்தார். ஆர்கன் பக்கம் ஹெப்சி, ஜன்னல் பக்கம் பியூலா. நாத்தனாரும் மைனியும் ஒரே அச்சுக் குரல் என்று மாஸ்டரே சொல்வார், கண்ணை மூடிக்கொண்டால் யார் என்று தெரியாது. மாஸ்டரின் கை மேலே நின்றது. அவர் சட்டைக் கக்கத்தில் வேர்வை வட்டம். முன் பெஞ்சில் ஒரு குழந்தை அம்மாவின் வளையலைத் திருகிக்கொண்டிருந்தது. அப்போது வந்தது, யாரோ ஒருத்தி முந்திக்கொண்ட அந்த ‘ஆ’. அதைக் கேட்டுப் பாதிப் பேர் பாய்ந்தார்கள், பாதிப் பேர் மாஸ்டரின் கைக்காக நின்றார்கள், பிறகு யாருக்கும் எதுவும் புரியவில்லை. எங்கோ ஒரு இளவட்டம் சிரித்துவிட்டான். மாஸ்டர் கையை இறக்கி, புத்தகத்தை மூடி, சனத்தின் பக்கம் திரும்பாமலே நின்றார். பியூலாவுக்கு எல்லாம் நினைவிருக்கிறது. ‘ஆ’ ஆர்கன் பக்கத்திலிருந்து வந்து தன் காதில் விழுந்தது நினைவிருக்கிறது. ஐயோ ஹெப்சி என்று மனசு அலறியது நினைவிருக்கிறது. இல்லாததா நினைவிருக்கும்? அந்தக் கூரை உயரம். எந்தச் சத்தத்தையும் எதிர்ச் சுவரில் அடித்துத் திருப்பித் தரும். சின்ன வயசில் ஜன்னல் பக்கம் நின்று கைதட்டினால் ஆர்கன் பக்கத்திலிருந்து கைதட்டல் வரும், பிள்ளைகள் அதற்கென்றே அங்கே போய் நிற்பார்கள். இதை எதற்கு இப்போது நினைக்க வேண்டும்?

எட்வின் அன்றைக்குப் பதிவு செய்திருந்தார், கையடக்கமான கருவியில். அடுத்த நாளே அவள் அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்தாள். ஆர்கன் நின்றதிலிருந்து தொடங்கி, மற்ற சத்தம் எதுவும் குழப்பாதபடி சுத்தமாக. ஞாயிறு ஆராதனை முடிந்து கோயிலை ஒட்டிய வெஸ்ட்ரி அறையில் மாஸ்டர், பியூலா, ஹெப்சி, மூன்றே பேர். பதிவுக் கருவி எங்களைப் பார்த்து இருந்துச்சு மாஸ்டர், அதுக்கு வலது கைப் பக்கம் ஆர்கன், இடது கைப் பக்கம் ஜன்னல், என்று விளக்கினாள் பியூலா. மாஸ்டர் காதில் மாட்டிக் கேட்டார், தலையாட்டினார். பிறகு ஹெப்சிக்குத் தன் கையாலேயே மாட்டிவிட்டாள் பியூலா, சிவப்புப் பொட்டை வலது காதில் வைத்து. “எந்தக் காதுல வருது?” “வலது காதுல.” “வலது பக்கம் யாரு நின்னா?” “நான்தான் மைனி. ஆனா நான் பாடலை. சத்தியமா நான் வாயே திறக்கலை.” “காது பொய் சொல்லுமாட்டி?” ஹெப்சி அந்த மொக்கைக் கழற்றி, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பொட்டைப் பார்த்தாள். அதன் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க அவளுக்குத் தோன்றியிருந்தால். அவளுக்கு எப்படித் தோன்றும், மைனி மாட்டிவிட்டது. அடுத்த வருஷம் மாஸ்டருக்கு உடம்பு தள்ளவில்லை, கொயரை ஒப்படைக்க வேண்டிய நேரம் வந்தது. ஹெப்சிக்குத்தான் என்று ஊரே எண்ணியிருந்தது. அவசரக்காரி கையில் கொடுக்க முடியாது என்றார், பியூலாவிடம் கொடுத்தார். ஹெப்சி கொயருக்கு வருவதை விட்டாள், அந்தக் கோயிலுக்கு வருவதை விட்டாள், பிறகு பாடுவதையே விட்டாள். பாத்திரம் கழுவும்போதுகூட வாயைத் திறப்பதில்லை என்று அவள் மாமியார் யாரிடமோ சொல்லி அது பியூலாவிடம் வந்து சேர்ந்தது. கேட்டபோது கொஞ்சம் பாவமாக இருந்தது. கொஞ்சம்தான். ஒத்துக்கொண்டு போயிருக்கலாமே, பிடிவாதம் பிடித்தால் அப்படித்தான் என்றிருந்தது.

ஒரே ஒரு வார்த்தை. பியூலா கேட்டது அவ்வளவுதான். அடுத்த மாதம் ஷெரினுக்குக் கல்யாணம். “அத்தை பாடாம நான் கோயிலுக்குள்ள கால் வைக்க மாட்டேன், நீங்க ரெண்டு பேரும் என்ன வேணா பண்ணுங்க” என்று மகள் பெங்களூரிலிருந்து போனில் கத்தினாள். ஆறு வருஷமாகவே எட்வின் இந்த விஷயத்தில் எதுவும் பேசுவதில்லை, தங்கை வீட்டுக்குப் போகும்போது மார்க்கெட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவார், காய்கறி இல்லாமல் திரும்பி வருவார். வரட்டும், பாடட்டும், ஆனா நான்தான்னு ஒரு வார்த்தை அவ வாயால சொல்லணும் என்றாள் பியூலா. பெருந்தன்மையாகத்தான் தோன்றியது. போன வெள்ளிக்கிழமை ஹெப்சி சரி என்றுவிட்டாள். காலையிலிருந்து எட்வின் இஸ்திரி போட்ட சட்டையோடு அலைகிறார். வீடு முழுக்கப் பலாப்பழ வாசனை, தங்கைக்குப் பிடிக்கும் என்று தேடி வாங்கிவந்தது. “ஏங்க,” என்றாள் பியூலா. குரல் யாருடையதோபோல வந்தது. காதில் இன்னும் அதை மாட்டியிருப்பது அப்போதுதான் உறைத்தது, பிடுங்கினாள். “அன்னைக்குக் கோயில்ல ரெக்கார்டரை எப்படி வச்சிருந்தீங்க?” எட்வின் உறையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார். “என்னைக்கு?” “பெரிய வெள்ளி அன்னைக்கு.” அவர் முகம் வாடியது. “இன்னைக்கு அதெல்லாம் எதுக்கு பியூ? அந்தப் பிள்ளை வாரா, சொல்லப் போறா, முடிஞ்சுது.” “எப்படி வச்சிருந்தீங்கன்னு கேட்டேன்.” “பெஞ்சு மேல. உங்களைப் பாத்து. அதுல அம்புக்குறி போட்டிருக்கும்லா, அது உங்க பக்கம். நான் எத்தனை வருஷமா பதியுதேன்?” “சும்மா கேட்டேன்.” “தட்டுல சுளை எடுத்து வைக்கவா, இல்ல வந்த பெறகா?” “வந்த பெறகு.” ஒரு வழி அடைபட்டது. கருவி தலைகீழாக இருந்திருக்கும் என்ற வழி. போனுக்குள் ஏதாவது அமைப்பு மாறிப் போயிருக்கும் என்று தேடினாள், அப்படி எதுவும் மாறவில்லை. மாறியிருந்தால் பழையதிலும் மாறியிருக்க வேண்டும். பழையதை மாட்டினாள். சிவப்பு வலது காதில். ‘ஆ’ வலது காதில். அப்பாடா என்று ஒரு நொடி, கழுத்தில் ஒரு சூடு இறங்கியது, என் பொருள், என் காது, என்னைக் காப்பாற்றுகிற ஒரே ஆள் நீதான் என்பதுபோல அந்த மொக்கைக் கையில் வைத்துப் பார்த்தாள். நகத்தால் சுரண்ட ஆரம்பித்ததை அவள் கவனிக்கவில்லை.

சாயம் பழையது, செதில் செதிலாக வந்தது. மேசை விரிப்பின்மேல் சிவப்புத் துணுக்குகள் விழுந்தன, இறால் உரித்ததுபோல. பாதியில் நிறுத்தினாள். நிறுத்தினால் பாதி எழுத்துதான் இருக்கும், பாதி எழுத்து எதுவாகவும் இருக்கலாம், ஹெப்சி வந்து சொல்லிவிட்டுப் போகட்டும், நாளைக்குச் சுரண்டலாம், கல்யாணம் முடிந்து சுரண்டலாம். நினைப்பு அவ்வளவு தெளிவாக வரிசையாக வந்ததைப் பார்த்து அவளுக்கே அதிர்ச்சியாக இருந்தது. இத்தனை வேகமாக யோசிக்கிற ஒருத்தி தனக்குள் உட்கார்ந்திருக்கிறாள். அவள் எப்போதிலிருந்து இருக்கிறாள்? விரல் மட்டும் நிற்கவில்லை. கண்ணாடியைப் போட்டு, அது போதாமல் போன் கேமராவைத் திறந்து பெரிதாக்கினாள். கறுப்பின்மேல் கறுப்பாக, பிளாஸ்டிக்கிலேயே எழுந்து நின்றது, ஒரு கோடு கீழே இறங்கி வலப்பக்கம் ஒரு கால் நீட்டியிருந்தது. எல். மற்றதை எடுத்தாள், பொட்டு வைக்காததை. ஆர். ஆறு வருஷமாக அது அங்கேயே இருந்திருக்கிறது. அவள் பையில், அவள் தலையணைக்குக் கீழே, வெஸ்ட்ரி அறையில் ஹெப்சியின் காதுக்குள். யாரும் ஏமாற்றவில்லை. கடைக்காரர் ஏமாற்றவில்லை, செய்தவன் ஏமாற்றவில்லை. கண்ணாடி போட மனமில்லாத ஒருத்தி ஒரு பொட்டு வைத்தாள். அவ்வளவுதான் நடந்தது. அவ்வளவு சின்னதாக இருந்தது பொட்டு, எள்ளைவிடச் சின்னது.

அப்போதும் மனசு ஒரு பொந்தைத் தேடியது. ஒருவேளை அந்தக் காலத்து மலிவுச் சாமானில் எழுத்தையே மாற்றி அடித்திருப்பார்கள், அதனால் நான் பொட்டு வைத்தது தற்செயலாகச் சரியாகப் போயிருக்கும், புதிது நாலும்தான் தப்பு. நாலும் தப்பு, ஒன்று சரி. கேட்பவர்கள் சிரிப்பார்கள் என்று தெரிந்தது, ஆனாலும் பிடித்துக்கொண்டாள். எந்த எழுத்தையும் நம்பாமல் தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா? இருந்தது. அவள் வெட்டி எறிந்த இடத்தில் இருந்தது. முழுப் பதிவும் எட்வினின் கணினியிலிருந்து எப்போதோ போனுக்கு வந்து கிடந்தது, அவள் ஒரு தடவைகூடத் திறந்ததில்லை, எதற்குத் திறக்க, வேண்டியதைத்தான் சுத்தமாக வெட்டி வைத்திருந்தாளே. சாம்பல் நிறத்தை மாட்டினாள். ஏழாம் வார்த்தையைத் தேடி நகர்த்தினாள். ஆர்கன் இறங்கியது. வலது காதில், கனமாக, படிப்படியாக, மரத்தின் வாசனையோடு. நின்றது. அமைதி. ‘ஆ’, இடது காதில். எடுத்துவிட்டுப் பழையதை மாட்டினாள். ஆர்கன் இடது காதில். அமைதி. ‘ஆ’ வலது காதில். இயர்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள், மெதுவாக, உடையக்கூடிய சாமானை வைப்பதுபோல. எதை மாட்டினாலும் ஆர்கன் ஒரு பக்கம், ‘ஆ’ எதிர்ப் பக்கம். வலதும் இடதும் எக்கேடு கெட்டுப் போகட்டும். ஆர்கன் பக்கத்தில் நின்றவள் ஹெப்சி. அந்த ‘ஆ’ ஆர்கனிலிருந்து எவ்வளவு தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தள்ளி, ஜன்னலோரத்திலிருந்து வந்தது. ஜன்னலோரத்தில் பியூலா நின்றாள். இன்னொன்றும் வந்தது, கூப்பிடாமலே. அந்தச் சரிவுக்குப் பிறகு மாஸ்டர் புத்தகத்தை மறுபடி திறந்து, கை தூக்கி இரண்டாம் அடியைத் தொடங்கியபோது அவளுக்கு மூச்சு இல்லை. நெஞ்சு காலியாக இருந்தது. அதிர்ச்சியில் என்று எண்ணியிருந்தாள், ஆறு வருஷமும் அப்படித்தான் எண்ணியிருந்தாள். வாயைத் திறக்காதவளுக்கு மூச்சு எங்கே செலவாகும்? உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. உடம்பு அன்றைக்கே சொல்லியிருக்கிறது. அவள்தான் பொட்டு வைத்த காதால் கேட்டுக்கொண்டிருந்தாள். வாசல் கதவின் கொண்டி சத்தம் கேட்டது. எட்வின் செருப்புக்கூடப் போடாமல் ஓடினார்.

ஹெப்சி இளைத்திருந்தாள். நெற்றியோரம் நரை. குடையை எங்கே சாத்துவது என்று தெரியாமல் நின்றாள், இந்த வீட்டில் குடை சாத்தும் மூலையை மறந்துவிட்டாள். “உள்ள வாட்டி, என்ன விருந்தாளி மாதிரி நிக்கே,” என்று எட்வின் குடையைப் பிடுங்கினார், கண்ணைத் துடைத்துக்கொள்ள அது ஒரு சாக்கு. “நல்லா இருக்கீங்களா மைனி?” “வா ஹெப்சி, உக்காரு.” ஹெப்சி உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று வழியெல்லாம் எண்ணிக்கொண்டு வந்திருப்பாள்போல. “சொல்லிட்டு உக்காருதேன் மைனி. அன்னைக்கு முந்திப் பாடினது நான்தான். என் மேல பழி வந்துரக் கூடாதுன்னு நீங்க எவ்வளவோ பாத்தீங்க, நான்தான் பிடிவாதமா இருந்துட்டேன். மன்னிச்சிருங்க.” பியூலா வாயைத் திறப்பதற்குள் அவள் இன்னும் சொன்னாள், வேகமாக, தரையைப் பார்த்துக்கொண்டு. “ஷெரினுக்காகச் சொல்லுதேன்னு நெனைக்காதீங்க. மொதல்ல எனக்கு நெசமாவே தெரியலை. அப்பறம் யோசிக்க யோசிக்கத் தெரிஞ்சிட்டு. இப்ப நல்லா ஞாபகம் இருக்கு மைனி. நாக்கு மேல காத்து பட்டது, தொண்டை அசைஞ்சது, எல்லாம். ராத்திரில படுத்தா அந்த ‘ஆ’ என் வாயில இருந்து போறதைப் பாக்கேன்.” பியூலா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். இதை அவள் எண்ணியிருக்கவில்லை. பொய்யாக ஒத்துக்கொள்வாள் என்று பயந்திருந்தாள், முறைப்பாள் என்று பயந்திருந்தாள். நடக்காத ஒன்றை அந்தப் பெண்ணின் தொண்டைக்குள் தான் நட்டு வைத்திருப்பதை, அது அங்கே வேர் விட்டு உயிரோடு இருப்பதை, அவள் எண்ணியிருக்கவில்லை. “ஹெப்சி, அது நீ இல்ல,” என்றாள். “நான். நான்தான் முந்தினேன்.” பிறகு எட்வின் சிரித்தார், ஈரக் கண்ணோடு, பெருமையாக. “பாத்தியாட்டி உன் மைனி மனசை! நீ ஒத்துக்கிட்டதும் பழியைத் தானே ஏத்துக்கிடுதா பாரு.” ஹெப்சியும் சிரித்தாள். “விடுங்க மைனி. எனக்காகப் போயி நீங்க.” இரண்டு பேரும் அவளை அன்போடு பார்த்தார்கள். அந்த அன்பில் அப்படியே உட்கார்ந்துவிடலாம். சொல்லியாயிற்று, நம்பவில்லை, நான் என்ன செய்ய? சுளை எடுத்து வைக்கலாம். உள்ளே உட்கார்ந்திருக்கிற வேகக்காரி ஏற்கனவே தட்டைத் தேடிக்கொண்டிருந்தாள். பியூலா மேசைமேலிருந்த பழைய இயர்போனை எடுத்தாள். ஹெப்சியிடம் நீட்டினாள். “ஒரு தடவை கேளு.” ஹெப்சியின் சிரிப்பு நின்றுவிட்டது. “வேண்டாம் மைனி. அதை மறுபடி கேக்க எனக்குத் தெம்பில்ல.” “ஆர்கன்ல இருந்து கேளு. அன்னைக்கு ஆர்கனை நான் வெட்டிட்டேன்.” மைனி சொன்னால் தட்டாதவள். வாங்கினாள். இரண்டு கறுப்பு மொக்குகளையும் உள்ளங்கையில் வைத்துப் புரட்டினாள், பழைய சிவப்பைத் தேடினாள். “எது எந்தக் காதுக்கு மைனி?” “எப்படி வேணாலும் மாட்டு,” என்றாள் பியூலா. “எப்படி மாட்டினாலும் ஒண்ணைத்தான் சொல்லும்.” ஹெப்சி நாற்காலியில் உட்கார்ந்து, மாட்டிக்கொண்டு, கண்ணை மூடினாள். எட்வின் ஒருவர் முகத்திலிருந்து மற்றவர் முகத்துக்குப் பார்த்தார். பியூலா போனில் விரலை வைத்தாள். வெளியே எதுவும் கேட்கவில்லை, ஆனால் எங்கே என்ன வருகிறது என்பது அவளுக்குத் தெரியும். ஆர்கன் இறங்கத் தொடங்கியது, ஹெப்சியின் முகம் இளகியது, எத்தனை வருஷம் ஆயிற்று அதைக் கேட்டு, தன்னை அறியாமல் ஒரு விரல் எழுந்து ஒரு காதைத் தொட்டது, என் பக்கத்துல என்பதுபோல. ஆர்கன் நின்றது. விரல் அங்கேயே இருந்தது. பியூலா மூச்சை அடக்கிக்கொண்டு அந்த ஒரு தாளத்துக்குக் காத்திருந்தாள். ஹெப்சியின் மற்றக் கை மடியிலிருந்து எழுந்தது. மெதுவாக மேலே வந்து, ‘ஆ’ விழுந்த மற்றக் காதைப் பொத்தியது. அவள் கண்ணைத் திறந்து பியூலாவைப் பார்த்தாள். கையை எடுக்கவில்லை.